ராக்கப்பன் கேட்ட கூறு

பெருவெள்ளம் வடிந்த மறு வருஷம், மறையூருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பன்றிகளுக்குக் காய்ச்சல் வந்தது. காது சிவந்து, பின்னங்கால் தள்ளாடி, கூலிகள் குடியிருந்த லயத்துப் பன்றிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மாட்டு டாக்டர் வந்து பார்த்தார். நோய் கண்டதை அடித்துக் குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்ட வேண்டும், கறியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல யோசனைதான். ஆனால் கங்காணி அனுப்பிய தடியர்களுக்கு நோய் கண்டது எது, காணாதது எது என்ற கவலையே இல்லை. மண்டை பிளந்த பன்றிகள் குழிக்குள் பாதி உயிரோடு கதறின. அந்தச் சத்தத்தைக் கேட்டும் அன்றைக்குச் சாப்பிட்டவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தடி வருவதற்குள் ஜனங்கள் முந்திக்கொண்டார்கள். பன்றி சோர்ந்து படுத்தால் உடனே குத்தி, தீயில் வாட்டி, பங்காளி வீடுகளுக்கெல்லாம் இலையில் கூறு போட்டுக் கொடுப்பது அவர்கள் வழக்கம். கூறை மறுத்தால் உறவை மறுத்த மாதிரி. கறி கழுவிய தண்ணீர் எங்கே போகும்? அவரவர் பன்றித் தொட்டிக்குத்தான். இப்படி நோயை இலையில் வைத்து வீட்டுக்கு வீடு பரிமாறிவிட்டு, மலைக்காற்று சரியில்லை என்று பேசிக்கொண்டார்கள், மகா புத்திசாலிகள்.

கீழ் லயத்து அழகுத்தாய்க்கு மட்டும் டாக்டர் சொன்னது மண்டையில் ஏறியது. அவளுடைய கருப்பி சினையாக இருந்தது. தாய்வீட்டுச் சீராக வந்த பன்றி. அது குட்டி போட்டால்தான் லயத்தில் மறுபடி பன்றி இனம் தழைக்கும். பட்டியைச் சுற்றி முள் அடைத்து, தீனியைக் கொதிக்க வைத்து ஆற்றிப் போட்டாள்.

புருஷன் சின்னமுத்துவின் அண்ணன் ராக்கப்பன், தன் பன்றி படுத்ததும் குத்திக் கூறு கொண்டுவந்தான். அவள் வாசலிலேயே மறித்தாள்.

"கோவிச்சுக்கிடாதீக மச்சான். கருப்பி குட்டி போடுறவரைக்கும் இந்த வாசல்ல கறி வேணாம்."

"என் கையால குடுக்கிற கூறு ஒனக்கு எளக்காரமாப் போச்சோ?" என்று அவள் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனான்.

மறுநாள் அவள் கொழுந்து பறிக்கப் போயிருந்தபோது, அண்ணன் மனசு கோணக்கூடாதென்று சின்னமுத்து போய் அந்தக் கூறை வாங்கிவந்து ஆக்கித் தின்றான். அவள் வந்து பார்த்தபோது தொட்டித் தண்ணீரில் கொழுப்பு மிதந்தது.

"சும்மா கழுவுன தண்ணிதான புள்ள..."

அடுப்பிலிருந்த விறகை உருவி அடித்தாள். தோளில், முதுகில், வாயில். பல் ஒன்று தெறித்து விழுந்தது. அவன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் கொன்றிருப்பாள்.

அடுத்த வாரம் கருப்பியின் காது சிவந்தது.

தடியர்கள் கையில் அதை விட அவளுக்கு மனம் வரவில்லை. குழியைச் சின்னமுத்து வெட்டினான். அவளே கருப்பியைக் குழியோரம் ஓட்டிவந்து, காதோரம் சொறிந்துகொடுத்து, கழுத்தில் கத்தியை இறக்கினாள். பன்றி செத்த பிறகும் வயிற்றுக்குள் குட்டிகள் புரண்டன. அவை அடங்கும்வரை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருப்பியின் அலறலைக் கேட்டு லயமே கையில் இலையோடு வந்து நின்றது. அடுத்த வீட்டு மாரித்தாயும் வந்திருந்தாள். மிஞ்சியிருந்த ஒரே பன்றிக்குட்டி அவள் பட்டியில்தான் இருந்தது.

"கூறு யாருக்கும் கெடையாது," என்று அழகுத்தாய் அரிவாளை எடுத்தாள். "தொட்டா வெட்டுவேன்."

ராக்கப்பன் சிரித்தான். "பொட்டச்சி மெரட்டலுக்கா பயப்படுறது? மொதக் கூறு மூத்தவனுக்குடி." குனிந்து கருப்பியின் பின்னங்காலைப் பிடித்து இழுத்தான்.

அரிவாள் இறங்கியது. ராக்கப்பன் கையை மடியில் இடுக்கிக்கொண்டு அலறினான். அவன் விரல்கள் இரண்டு மண்ணில் கிடந்தன.

அவள் கருப்பியைக் குழிக்குள் உருட்டினாள். விரல்களையும் காலால் உள்ளே தள்ளி, மேலே சுண்ணாம்பைக் கொட்டினாள்.

"கூறு கேட்டவுக வாங்க. இன்னும் யாருக்கு வேணும்?"

மாரித்தாய் இலையைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். போன வேகத்தில் பன்றித் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, கொதிக்கும் உலைநீரை அதன் மேல் ஊற்றினாள்.

தொட்டி கவிழ்ந்த சத்தம் காதில் விழுந்த பிறகுதான் அழகுத்தாய் குழியோரம் உட்கார்ந்து அழுதாள்.