நின்றுபோகும் கோடு

மூன்று நாளாக என்னைக் கண்டதும், இங்கே ஆராய்ச்சி நடத்தும் வீணா மேடம் பேச்சை நிறுத்திவிடுகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக எலிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான்.

ஆறு எலிகளின் வயிற்றுக்குள் சின்னக் கருவி வைத்துத் தைத்திருக்கிறார்கள். வயர் கிடையாது. கூண்டுக்கு அடியில் இருக்கும் தட்டு சிக்னலை வாங்கி, மேடம் அறை கம்ப்யூட்டரில் நெஞ்சுத் துடிப்பைக் கோடாகப் போடும். நான் கூண்டு மாற்றியதும் ஏதாவது ஒரு கோடு பொட்டென்று நின்றுவிடுகிறதாம். எலி என்னவோ ஜோராகத்தான் ஓடுகிறது.

"கோவிந்தப்பா, கீழ போட்டுட்டீங்களா? நிஜத்தைச் சொல்லுங்க."

"ஐயோ, நான் ஏன் மேடம் போடறேன்?"

"திங்கட்கிழமை டைரக்டர்கிட்ட சொல்லிடுவேன். அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை."

எனக்குத் தியோடர் மேல்தான் சந்தேகம். கூட வேலை பார்க்கிறவன். என் வேலையை மச்சானுக்கு வாங்கித் தர அலைகிறான். அவனையே எனக்குக் காவல் போட்டார்கள்!

வெள்ளிக்கிழமை கருவி வைத்துத் தைத்த புது எலி ஒன்று வந்தது. மேடம் ஒரு காந்தத்தை அதன் வயிற்றோரம் கொண்டுபோனார். கோடு ஓட ஆரம்பித்தது.

"இன்னொரு தரம் காட்டினா ஆஃப் ஆயிடும், ஜாக்கிரதை," என்று தியோடரிடம் சொன்னார்.

எனக்குக் குப்பென்று வியர்த்தது. கையுறைக்குள் என் இடது மணிக்கட்டில் காந்த வளையல். பிபி குறையும் என்று சிவாஜிநகரில் வாங்கி, செவ்வாய்க்கிழமை என் மனைவி யசோதா மாட்டிவிட்டது. அந்தக் கையில்தான் எலியைத் தாங்குவேன்.

பேசாமல் வீட்டில் கழற்றி வைத்துவிடலாம். கோளாறு நின்றால், காவல் போட்டதும் திருடன் அடங்கினான் என்பார்கள். சொன்னாலோ தப்பு என் தலையில். திருட்டுத்தனம் செய்தவன் என்ற பட்டத்துக்கு அது மேல்.

கையுறையைக் கழற்றி, மேடத்தின் எதிரிலேயே கையை எலிக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். கோடு நின்றது.

"அய்யய்யோ, இதுதானா!" மேடம் சிரித்தே விட்டார். "டைரக்டர்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். வழக்கம்போல வாங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"மூணு நாளா எலி நெஞ்சையே பாத்துட்டு இருந்தீங்க மேடம். உங்க உடம்புக்கு என்னன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னிக்கே வளையலைக் காட்டியிருப்பேனே."

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.