உடும்புக்குக் காவல் கொடுத்த குடும்பம்

கி.பி. 615, ஷவ்வால் மாதம். அபிசீனியாவில் அடைக்கலம் புகுந்திருந்த மக்காக்காரர்களில் சிலர், மக்கா முழுவதும் புதிய மார்க்கத்தை ஏற்றுக்கொண்டது என்று கேள்விப்பட்டு ஊர் திரும்பினார்கள். செய்தி பொய்.

பொய் என்பது ஷுஅய்பா துறையில் இறங்கி, மக்காவுக்கு அரைநாள் நடை மிச்சமிருந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எதிரே ஆடு ஓட்டி வந்தவர் சொன்னார். ஏற்றுக்கொள்ளவும் இல்லை, ஏற்றவர்களை அடிப்பதை நிறுத்தவும் இல்லை. இப்போது முன்பைவிட முறையாக அடிக்கிறார்கள் என்றார்.

சொந்தபந்தம் உள்ளவர்கள் ஊருக்குள் சொல்லி அனுப்பினார்கள். மாமனோ சித்தப்பனோ கஅபாவின் முன்னால் நின்று "இவன் என் காவலில் இருக்கிறான்" என்று ஒரு முறை அறிவித்துவிட்டால் போதும். பிறகு அவனைத் தொடுவது அறிவித்தவரைத் தொடுவது போல. அப்படி ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியில் வழியோரக் கிணற்றடியில் மிஞ்சியது சிமாக்கும் அவன் மனைவி ரைதாவும்.

சிமாக் தோல் தைப்பவன். யமன் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, மக்காவில் ஒரு பெரிய வீட்டை அண்டி வாழ்ந்தவன். புதிய மார்க்கத்தில் சேர்ந்த அன்று அந்த வீட்டார் அவனைக் கைகழுவினார்கள். கழுவிய கையோடு உச்சி வெயிலில் மணலில் கட்டியும் போட்டார்கள். காவல் இல்லாமல் ஊருக்குள் போனால் மறுபடி அதே மணல்தான். ரைதாவின் குலத்தார் அவளை யாரும் தொட விடமாட்டார்கள். அவள் புருஷனுக்காக வாயைத் திறக்கவும் மாட்டார்கள்.

அவளுக்கு மாதம் நெருங்கியிருந்தது. அவள் அக்கா மக்காவில் பிரசவம் பார்ப்பவள். நீ மட்டும் போ என்று சிமாக் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான் போய்விட்டால் நீங்கள் இங்கேயே உட்கார்ந்து இறைவன் மேல் பாரத்தைப் போட்டுக் காய்ந்து போவீர்கள் என்று அவளும் காலையிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அவன் களைத்துத் தூங்கிவிட்டான்.

அப்போதுதான் தூரத்தில் ஒட்டகங்களுக்குப் பாடும் குரல் கேட்டது. சுருதி சேராத அந்தக் குரலை ரைதாவுக்கு நன்றாகத் தெரியும். மக்காவில் அவர்கள் குடிசைக்கு முன்வீட்டுக்காரர் தாரிமின் குரல் அது. தோல் வியாபாரி. துறையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்புகிறார்.

தாரிமைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. புதிய மார்க்கத்தார் மேல் அவர் கல் எறிந்ததில்லை, கயிறு கட்டியதில்லை. வாய் மட்டும்தான். மாலையானால் கஅபாவின் நிழலில் உட்கார்ந்து, முன்னோர் வழியை இவர்கள் விட்டுவிட்டதைப் பற்றி முறையிடுவார். முன்னோர் வழி என்று தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பது ஊருக்கே தெரியும். அவருடைய தாத்தாவின் கூடாரத்துக்குள் ஒருநாள் ஓர் உடும்பு ஓடிவந்ததாம். துரத்தி வந்தவர்கள் பசியோடு இருந்தார்கள். தாத்தா வாளை உருவி, என் கூடாரக் கயிற்றைத் தாண்டி வந்தது என் காவல், போய் வேறு உடும்பைப் பாருங்கள் என்றாராம். கதையைக் கேட்காதவர்கள் மக்காவில் கைக்குழந்தைகள் மட்டும்தான். முடிவில் தாரிம் பாலைவனத்துச் சட்டங்களையும் ஒரு முறை ஒப்பிப்பார்: கூடாரக் கயிற்றைத் தொட்டவன் காவலில் வந்தவன், கிணற்றில் கயிறோடு கயிறு சேர்த்துத் தண்ணீர் இறைத்தவனும் காவலில் வந்தவன்.

பின்வீட்டில் இருந்த ரைதாவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அவர்களுடைய வாளிக் கயிறு இரண்டு துண்டைச் சேர்த்து முடிச்சுப் போட்டது. அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டைச் சுருட்டிக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு புருஷனை எழுப்பி, தாகமாக இருக்கிறது, புழுதி பறக்கிறது, முகத்தை மூடிக்கொண்டு தண்ணீர் இறையுங்கள் என்றாள்.

சிமாக் வாளியை விட்டான். எட்டவில்லை. கிணறு வற்றிவிட்டது போல என்று சொல்லிக்கொண்டு எட்டிப் பார்த்தான். அந்த நேரத்தில் தாரிமும் அவருடைய ஒட்டகக்காரரும் வந்து சேர்ந்தார்கள்.

கர்ப்பிணிப் பெண்ணையும் வறண்ட வாளியையும் பார்த்ததும் தாரிம் யோசிக்கவே இல்லை. சேணத்திலிருந்து தன் கயிற்றை உருவி வீசினார். இதோடு சேர்த்து முடிந்துகொள் என்றார். சிமாக் முடிச்சுப் போட்டான். தண்ணீர் வந்தது. ரைதா குடித்தாள், சிமாக் குடித்தான், தாரிம் குடித்தார், ஒட்டகங்களும் குடித்தன. அதற்குப் பிறகுதான் சிமாக் முகத்துணியை இறக்கிவிட்டு மரியாதையாக சலாம் சொன்னான்.

தாரிம் அவனைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார்.

"அண்ணே, நல்ல கயிறு. உறுதியான கயிறு" என்றாள் ரைதா.

ஒட்டகக்காரர் வயதான பதூவி, பாலைவன நாடோடி. நாட்டுப்புறத்தார் இந்த விஷயத்தில் நகரத்தாரைவிடக் கறார். அவர் சிரிக்கவில்லை, வாழ்த்துக்கள் என்றார். தாரிம், தாம் ஆளைத் தெரியாமல் கொடுத்ததாகச் சொன்னார். உடும்பும் தன் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே வரவில்லையே என்று ரைதா நினைவுபடுத்தினாள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். சிமாக் கெடுத்தான். மனைவியின் கீழே எட்டிப் பார்க்கும் கயிற்று நுனியை அவன் கண்டுவிட்டான். எழுந்திரு என்றான். அவள், மாசமாக இருப்பவளை எழுப்பக் கூடாது என்றாள். அவன் குனிந்து இழுத்தான். கயிறு வந்தது. அவன் முகம் சிவந்தது. வாளிக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து, தாரிமின் கயிற்றைச் சுருட்டி இரண்டு கையாலும் நீட்டினான்.

"அண்ணே, எங்ககிட்ட கயிறு இருந்துச்சு. எனக்குத் தெரியாது, ஆனா இருந்துச்சு. ஏமாத்தி வாங்குன காவல் எனக்கு வேணாம். எங்க மார்க்கத்துல பொய் ஆகாது. நீங்க போங்க."

ரைதா கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு நேர்மையான ஆளைக் கட்டிக்கொண்டதற்கு யாரை நோவது என்பது போல இருந்தது அவள் முகம்.

தாரிமுக்கு அந்தக் கணம் விடுதலை கிடைத்தது. கயிற்றை வாங்கிக்கொண்டு ஒட்டகத்தில் ஏறினால் போதும். அவர் கையை நீட்டவும் செய்தார். நீட்டியவர் ஒட்டகக்காரரைப் பார்த்தார். ஒட்டகக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஊரில் கேட்டால் என்னவென்று சொல்வது என்று பொதுவாக விசாரித்தார். தாத்தா உடும்பை வைத்துக்கொண்டார், பேரன் மனுஷனை விட்டுவிட்டார் என்று சொல்லலாமா என்றார்.

தாரிம் கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு தோல் தைக்கிறவன் எனக்கு என் காவலைத் திருப்பிக் கொடுக்கிறானா? டேய், காவலை நான் கொடுக்கணும், நான் எடுக்கணும். முடிச்சைப் போடு."

சிமாக் தயங்கினான். மறுபடி முடிச்சைப் போட்டது ரைதா. அவளை எழுந்திருக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கஅபாவின் முன்னால் தாரிம் நின்று, சிமாக் என் காவலில் இருக்கிறான் என்று அறிவித்தார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. கூட்டத்தில் குலைப் இருந்தான். சிமாக்கை மணலில் கட்டிப் போட்ட வீட்டின் மூத்த மகன். அவன் எழுந்து, மாமா, தாத்தா காலத்தில் உடும்பு, உங்கள் காலத்தில் இவனா, குடும்பம் வளர்கிறது என்றான். நிழலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தாரிமின் சொந்தக் குலத்தார்தான் அதிகம் சிரித்தார்கள். அன்று முதல் அவர் சந்தைக்கு வந்தால் யாராவது ஒருவர், உடும்பு சுகமா என்று கேட்காமல் விடுவதில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. தாரிமின் மனைவி உமைமா விருந்தாளிகளுக்குப் பின்கட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு வந்து, புருஷன் எதிரே உட்கார்ந்தாள்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிறது உங்க வம்சத்துக்கே வழக்கம். என்னைக் கட்டிக் கொடுக்கும்போது எங்கப்பா இதை விசாரிக்கலை."

அவர், இது மானப் பிரச்சினை என்றார். மானத்துக்கு இன்றிலிருந்து இரண்டு பிடி மாவு கூடுதலாகப் போகும் என்றாள் அவள்.

தாரிம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஓதுவதைச் சத்தமில்லாமல் ஓத வேண்டும். சிமாக் ஒப்புக்கொண்டான், காலையில் மெல்லிய குரலில்தான் ஓதினான். ஆனால் அவன் தொடங்கும்போது முன்கட்டில் உமைமாவின் திரிகை நின்றுவிடும். முடித்ததும் மறுபடி சுற்றும். மாவு ஏன் இன்னும் ஆகவில்லை என்று தாரிம் கேட்டார். கல் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று நிறுத்தினேன் என்றாள் உமைமா. தினமும் ஒரே நேரத்தில் சூடாகும் கல்லை அவர் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

சிமாக்கை வாதத்துக்கு இழுத்தாவது ஜெயிக்கலாம் என்று பார்த்தார். நீ முன்னோர் வழியை விட்டாய், ஆனால் முன்னோர் வழிதான் இன்று உன்னைக் காக்கிறது, ஒத்துக்கொள்கிறாயா என்றார். ஒத்துக்கொள்கிறேன், அண்ணே, நல்ல வழக்கம், அதை எங்களில் யாரும் விடச் சொல்லவில்லை என்றான் சிமாக். சண்டைக்கு வந்தவர் அதற்குப் பிறகு என்ன செய்வார்? பிய்ந்த சேணம் ஒன்றை எடுத்து வந்து போட்டு, இதையாவது தைத்துக் கொடு என்றார்.

ரைதாவுக்கு வலி எடுத்தபோது காலை வெயில் ஏறியிருந்தது. உமைமா அவள் அருகில் இருந்தாள். தாரிம் கஅபாவின் நிழலில் இருந்தார். ரைதாவின் அக்கா வீடு ஊரின் மறுகோடி. சிமாக் ஓடினான்.

சந்தையில் குலைப்பின் ஆட்கள் அவனை மடக்கினார்கள். கையைப் பின்னால் கட்டினார்கள். மணல்மேட்டுப் பக்கம் இழுத்துப் போவதைப் பார்த்த யாரோ தாரிமிடம் போய்ச் சொன்னார்கள். சொன்னவர் இந்த முறை உடும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாரிம் ஒரு காலில் செருப்பு இல்லாமல் வந்து சேர்ந்தார். நிழலில் இருந்த கூட்டமும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தது.

குலைப் தயாராக இருந்தான். கிணற்றடியில் நடந்ததை ஒட்டகக்காரர் வழியாகக் கேட்டு வைத்திருந்தான். இவன் பெண்டாட்டி கயிற்றை ஒளித்து வைத்து உங்களை ஏமாற்றியிருக்கிறாள், ஏமாற்றி வாங்கிய காவல் எந்த வழக்கத்திலும் செல்லாது, நீங்கள் ஒதுங்கிக்கொள்ளுங்கள் மாமா, உங்களுக்கும் நிம்மதி என்றான். சொன்னதில் நியாயம் இருப்பது போலத்தான் கூட்டத்துக்கும் பட்டது.

தாரிம் மூச்சு வாங்கினார்.

"ஏமாந்தது யாரு? நானு. குறை சொல்ல வேண்டியது யாரு? நானு. நான் சொன்னேனா? உன்கிட்ட வந்து அழுதேனா?"

"மாமா, ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும். சிரிக்கிறதுக்குத்தான் பல்லு. அவன் கட்டை அவிழ். அவன் பெண்டாட்டி வலியில கிடக்கா, மருத்துவச்சியைக் கூப்பிட வந்தவனை இழுத்துக்கிட்டுப் போறியே, உங்க வீட்ல பொம்பளைங்க இல்லையா?"

அவரே குனிந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். குலைப் கையிலிருந்த வில்லால் ஓங்கி அடித்தான். சிமாக்கை அடிக்கத்தான் ஓங்கினான் என்று பிறகு சொன்னான். அடி தாரிமின் நெற்றியில் விழுந்தது. புருவத்திலிருந்து ரத்தம் தாடி வரை வந்தது.

அதுவரை வேடிக்கை பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த தாரிமின் குலத்தார் ஒருவர் பின் ஒருவராக முன்னே வந்தார்கள். அவரைக் கேலி செய்வது அவர்களுக்கு உரியது. அவர் ரத்தத்தைச் சிந்துவது வேறு யாருக்கும் உரியதல்ல. குலைப்பின் ஆட்கள் எண்ணிக்கையில் குறைவு. குலைப் வில்லைக் கீழே போட்டான். சிமாக், தாரிமின் நெற்றியைத் தன் முகத்துணியால் துடைக்கப் போனான். தாரிம் அவன் கையைத் தட்டிவிட்டார்.

"முட்டாளே, என்னை அப்புறம் துடைக்கலாம். போய் உன் பெண்டாட்டியோட அக்காவைக் கூப்பிடு."

சிமாக் ஓடினான். அக்கா வந்தாள். தாரிம் தலையில் கட்டோடு முற்றத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சாய்வதற்கு முன் ரைதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். அன்று மாலை குலைப்பின் தகப்பனார் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்த வீட்டார் பிறகு சிமாக்கைத் தொடவில்லை. தாரிம் அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் முன்னோர் மார்க்கத்திலேயே இருந்தார்.