எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

தொண்ணூற்றாறு உள்ளாட்சித் தேர்தலில், பெண்களுக்கென்று ஒதுக்கிய வார்டில் நின்று மாரியாத்தாள் ஜெயித்தாள். அதற்குப் பிறகு கட்சி அவளை மறந்துபோனது. கிளைக்கு ஒரு பெண் பிரதிநிதியாவது மாவட்ட மாநாட்டுக்கு வந்தாக வேண்டுமென்று மறுவருஷம் மேலிடம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் கிளைச் செயலாளர் சென்னியப்பனுக்கு அவள் ஞாபகம் வந்தது.

சென்னியப்பனின் தோட்டத்தில் வருஷக்கணக்காகக் களை வெட்டியவள் அவள். அவரைப் பண்ணாடி என்று கூப்பிட்டே பழகியவள். கட்சிக்குள் எல்லாரும் அண்ணன்தான் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த 'அண்ணா' இன்னும் புதுச்செருப்பு மாதிரி அவளைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது.

அவிநாசிக்குப் போகிற பஸ்ஸில் அவர் அவளுக்கு மாநாட்டைப் பற்றி விளக்கினார். விளக்கம் சுருக்கமாகத்தான் இருந்தது.

"நான் கையத் தூக்குனா நீயும் தூக்கு. எறக்குனா எறக்கிப்போடு. மத்ததெல்லாம் அவிய பாத்துக்குவாங்க."

மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில். பொண்ணு மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு வெல்வெட் நாற்காலி ஒன்றில் மாவட்டச் செயலாளர் பொங்கியண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவைத்தலைவர் அப்துல் நாசர். ஆண்களுக்கு நடுக்கூடம். பெண்களுக்குத் தூணுக்குப் பின்னால் இரண்டு வரிசை. மேடை தெரியவில்லையே என்று மாரியாத்தாள் கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த உடுமலைப்பேட்டை கோமளா, தான் மூன்று மாநாடு பார்த்தாயிற்று என்றும் இதுவரை மேடையைப் பார்த்ததில்லை என்றும் சொன்னாள்.

மேடை தெரியாவிட்டால் என்ன, சென்னியப்பன் தெரிந்தால் போதும். மாரியாத்தாள் தூணைச் சுற்றிக் கழுத்தை நீட்டி, மூன்றாவது வரிசையில் இருந்த அவருடைய வலது கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தாள். தீர்மானங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவர் தூக்கினார், தூக்கினாள். இறக்கினார், இறக்கினாள். களை வெட்டுவதைவிட இது சுலபமாகத்தான் இருந்தது.

கடைசித் தீர்மானம் வந்தபோது பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை உள்ளே வந்துவிட்டது. பொங்கியண்ணன் தேர்தலில்லாமல் மூன்றாவது முறையும் செயலாளராக நீடிக்க வேண்டும் என்பது தீர்மானம். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கச் சொன்னதும் மண்டபமே கை தூக்கியது. அப்துல் நாசர் காகிதத்தை மடித்துக்கொண்டே, சம்பிரதாயத்துக்காக, எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

அந்த நேரம் பார்த்துச் சென்னியப்பனுக்குத் தாகம் எடுத்தது. காலையிலிருந்து கோஷம் போட்ட தொண்டை. ஓரமாக சோடா கொண்டுபோனவனைப் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டார். மாரியாத்தாளும் தூக்கினாள். அவர் இறக்கியதைப் பார்ப்பதற்குள் முன்னால் இருந்தவர் தலை மறைத்துவிட்டது.

அப்துல் நாசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தூண் பக்கம் மறுபடியும் பார்த்தார். மண்டபமே திரும்பியது. சென்னியப்பனும் திரும்பினார். பார்த்ததும் பதறிப்போய், இறக்கு இறக்கு என்று இரண்டு கையையும் மேலே வைத்து ஆட்டினார்.

மாரியாத்தாள் இன்னொரு கையையும் தூக்கினாள்.

ஆட்சேபம் வந்தால் காரணம் கேட்டு, ஓட்டையும் எண்ணியாக வேண்டும், விதி அப்படி என்று அப்துல் நாசர் மெல்லச் சொன்னார். எண்ணுங்க, நல்லா எண்ணுங்க என்று பொங்கியண்ணன் சிரித்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. யாரோ மைக்கைத் தூணுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள். அதற்குள் கோமளா அவள் காதில், "பொங்கியண்ணன் வேண்டாம்னு கை தூக்கிப்போட்டீங்க அம்மணி" என்று சொல்லியிருந்தாள்.

மாரியாத்தாள் மைக்கை வாங்கினாள். தெரியாமல் தூக்கிவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் பொங்கியண்ணன் என்றதும் அவர் அவளுடைய காலனிக்கு மேளதாளத்தோடு வந்த நாள் நினைவுக்கு வந்தது. வாயில் அதுதான் வந்தது.

"எங்கூர்ல அண்ணன் தண்ணித் தொட்டிக்கு அடிக்கல்லு வெச்சாருங்க. கல்லு நல்லாருக்குதுங்க. அதுலதான் ஆட்டக் கட்டறமுங்க. தொட்டியத்தான் இன்னும் காணமுங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் ஒரு வரிசையே சிரித்தது. எங்கூரிலும் கல் இருக்கிறது என்றார் ஒருவர். எங்களூரில் இரண்டு என்றார் இன்னொருவர். பின்வரிசைக்காரர் ஒருவர் எழுந்து, தங்கள் ஊர்க் கல்லில் பெயர்கூட அழிந்துபோனது என்று வருத்தமாகச் சொன்னார்.

ஓட்டு எண்ணினார்கள். எதிர்ப்பவர்கள் என்றதும் மாரியாத்தாள் யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கினாள். பக்கத்தில் கோமளாவின் கையும் எழுந்தது. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிரியாணி ஆறிப்போகிற அளவுக்கு எண்ண வேண்டியிருந்தது. ஒரு பந்திக்குக்கூடக் காணாத வித்தியாசத்தில் பொங்கியண்ணன் பிழைத்துக்கொண்டார்.

சாப்பாட்டில் அவரே கரண்டியோடு அவள் இலை முன்னால் வந்து நின்றார். இரண்டு கறித்துண்டு சேர்த்து வைத்தார்.

"அம்மணி, வர்ற மாசம் வேல ஆரம்பிச்சுப்போடலாம். அந்தக் கல்லுல ஆட்டக் கட்ட வேண்டாமுங்க."

"சரீங்க. ஆரம்பிக்கறன்னைக்கு அவுத்துடறனுங்க."

திரும்புகிற பஸ்ஸில் தன் பதவி இன்றோடு போயிற்று என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது. கடைசியில் தாங்காமல், நான் சோடாவுக்கல்லவா கை தூக்கினேன், அதுகூடத் தெரியலையா என்று கேட்டார்.

"மொதத்தடவ தெரியாமத்தான் தூக்குனனுங்க" என்றாள் மாரியாத்தாள். "ஓட்டு எண்ணறப்பத் தெரிஞ்சுதானுங்கண்ணா."

ஆனால் சென்னியப்பனின் பதவி போகவில்லை. கட்சிக்குள் பொங்கியண்ணனைப் பிடிக்காத எதிரணிக்காரர்கள் மறுநாளே அவர் வீடு தேடி வந்து, ஒரு பெண்ணை வைத்து இவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்துவிட்டீர்களே என்று துண்டு போர்த்தினார்கள். அவர் மறுக்கவில்லை. வாரம் ஆவதற்குள் டீக்கடையில், எல்லாம் தாம் பஸ்ஸிலேயே சொல்லிக்கொடுத்தது என்று சொல்ல ஆரம்பித்தார். மாரியாத்தாளும் மறுக்கவில்லை. தொட்டி வந்தால் சரி என்று இருந்தாள்.

ஆடி முடிவதற்குள் தொட்டி வந்தது. ஒரு மூலையில் கொஞ்சம் ஒழுகும். அடுத்த மாநாட்டில் பெண்களைத் தூணுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எதிர்ப்பவர்கள் உண்டா என்று அப்துல் நாசர் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். கேட்காவிட்டால் என்ன என்று மாரியாத்தாள் நேராக எழுந்து நின்றாள்.