சறுக்கப் போகாதவர்கள்

யசோதினி வீடியோவில் அழைத்தபோது விஜயலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம். வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போக வேண்டியதில்லை.

மகள் நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள். ஜூலையில் பிள்ளைகளுக்கு லீவு விடும்போது அப்பா அம்மாவை வரவழைத்து, எல்லாருமாகப் பனிமலைக்குப் போவதென்று அவளும் கணவன் விஜேந்திரனும் முடிவு செய்திருந்தார்கள்.

"பாரும்மா, இந்த மலைதான். எரிமலை. ஆனா இப்பப் பேசாம இருக்கு, பயப்படாத. மேல பூராவும் பனி. கால்ல பலகையக் கட்டிக்கிட்டுச் சறுக்குவாங்க."

"சறுக்கிட்டு?"

"திரும்ப மேல போயிச் சறுக்குவாங்க."

விஜயலெட்சுமி அந்த வெள்ளைச் சரிவையும் அதில் புள்ளி புள்ளியாகத் தெரிந்த ஆட்களையும் பார்த்தாள். பார்க்கும்போதே கால் கடுத்தது.

"எனக்கு வேணாம் தாயி. மேட்டுல ஏறி எறங்குனது இந்தச் சென்மத்துக்குப் போதும். மழையில சறுக்கி விழுந்த முட்டியே இன்னும் நோவுது."

"நீ நடக்கவே வேணாம்மா. கம்பியில கதிரை ஓடும். ஏறி உட்கார்ந்தா அதுவே மேல கொண்டுபோயிரும்."

"அப்பாவக் கூட்டிட்டுப் போ."

அப்பா ரெங்கசாமி மனதளவில் எப்போதோ புறப்பட்டுவிட்டார். தேயிலை ஃபெக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு இவ்வளவு உற்சாகமான காரியம் எதுவும் வாய்க்கவில்லை. பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடமெல்லாம் எரிமலையைப் பற்றிச் சொன்னார். பண்டாரவளைக்குப் போய் றஹீம் கடையில் பழைய குளிர்கோட்டு ஒன்றை வாங்கிவந்து, நல்ல வெயிலில் லயத்து வீட்டு வாசலில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"றஹீம் நானா சொன்னாரு, எந்தக் குளிரும் இதுக்குள்ள ஏறாதாம்."

"வேகுறதுக்கு முன்னாடி கழட்டுங்க," என்றாள் விஜயலெட்சுமி.

அவள் வருகிறேன் என்று சொல்லவே இல்லை. ஆனாலும் பாஸ்போர்ட் எடுக்க அவளையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கே கைரேகை எடுக்கும் கருவியில், கொழுந்து கிள்ளித் தேய்ந்த அவள் விரல் பதியவில்லை. அங்கிருந்த பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைக்கச் சொன்னாள். ஒருவழியாகப் பதிந்து வீடு திரும்பியபோது விஜயலெட்சுமிக்குப் பேசக்கூடச் சத்து இல்லை. டிக்கெட் போடாதே என்று மகளிடம் முடிவாகச் சொல்லிவிட நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு சொல்லியும் விட்டாள். அப்போதுதான் மகள் வேலை உடுப்போடு காருக்குள் உட்கார்ந்திருப்பதை விஜயலெட்சுமி கவனித்தாள். பின்னால் அவர்கள் வீட்டுக் கதவு தெரிந்தது.

"வீட்டுக்கு வந்துட்டு ஏன் உள்ள போகாம இருக்க?"

"போனா சமைக்கணும். பிள்ளைங்க ஓடி வருவாங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டுப் போறேன்."

"தெனமும் இப்படியா?"

யசோதினி ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். "அம்மா, எனக்குச் சறுக்கெல்லாம் வேணாம். போன வருசமும் அங்க போனோம். அவரும் பிள்ளைங்களும் வெளிய போயிட்டாங்க. தூங்கலாம்னு ரூம்ல படுத்தேன். தனியா இருந்தா தூக்கமே வரல. நீ வந்தா உம் பக்கத்துல படுத்துத் தூங்கலாம்னு பார்த்தேன்."

"இத மொதல்லயே சொன்னா என்ன?"

"தூங்குறதுக்கா இவ்வளவு தூரம் கூப்பிடுறதுன்னு வெக்கமா இருந்துச்சு."

விஜயலெட்சுமி முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். "டிக்கெட்டப் போடு," என்றாள்.

அதற்குப் பிறகு பயணத் திட்டத்தை அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

"ரூம்ல கட்டில் எத்தன?"

"ரெண்டும்மா."

"சேத்துப் போடச் சொல்லு. சன்னல் எந்தப் பக்கம்?"

"மலைப் பக்கம். அந்த ரூமுக்குத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க."

"மலையத்தான் நான் தெனமும் பாக்குறேனே. மத்தப் பக்கம் எடு. வெளிச்சம் கொறைவா இருக்கும்."

கேட்டுக்கொண்டிருந்த ரெங்கசாமிக்குப் பொறுக்கவில்லை. "கடல் தாண்டிப் போயித் தூங்கவா போறீங்க?"

"நீங்க போயிச் சறுக்குங்க. யாரு வேணாங்குறா?"

ஜூலையில் போனார்கள். விஜேந்திரன் மாமனாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பனிக்குப் புறப்பட்டான். அவர்களின் சத்தம் படிக்கட்டில் இறங்கி மறைந்ததும் யசோதினி திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். அம்மா போர்வையைச் சரிசெய்வதற்குள் தூங்கிவிட்டாள்.

விஜயலெட்சுமி எப்போது கண்ணயர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. இடையில், தோட்டத்துப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நேரமாகிவிட்டதென்று திடுக்கிட்டு விழித்தாள். எழ முடியவில்லை. மகளின் கால் அவள்மேல் கிடந்தது. தான் எங்கே இருக்கிறோம் என்பது மெல்ல நினைவுக்கு வந்தது. வெளியே யாரோ சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

மகளின் காலை அவள் நகர்த்தவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.