போதகரம்மா நம்பிய சொற்கள்

மலாவி ஏரிக்கரையிலுள்ள சிஸோவே சபையில், போதகரம்மா நியாகோண்டுவே நம்பாத எந்தச் சொல்லும் பிரசங்க பீடத்திலிருந்து கேட்காது. அவள் கணவர் போதகர் யாபேத் முன்தாலி வாயசைப்பார், கையை ஓங்குவார். சத்தம் மட்டும் வராது. முதலில் காணாமல்போனது நரகம். பிறகு, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளின் கதி. இரண்டாந்தாரமாக வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் திருவிருந்து கிடையாது என்ற அறிவிப்பும் யார் காதிலும் விழாததால், அந்தப் பெண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். அவரும் கொடுத்துவிட்டார்.

மூப்பர்கள் வீட்டுக்கே வந்து விசாரித்தார்கள். அடுப்பில் என்சிமா என்ற சோளமாக் களியைக் கிண்டியபடியே அவள், தான் எதையும் அழிக்கவில்லை என்றும், நம்பத்தான் முயன்று பார்த்ததாகவும், முடியவில்லை என்றும் சொன்னாள்.

"நரகம் போச்சுன்னா ஜனங்களுக்குப் பயம் விட்டுப்போயிடுமேம்மா," என்றார் மூப்பர் சௌலோஸ்.

"இத்தனை வருஷம் பயந்து நீங்க என்னத்தத் திருந்தினீங்க மூப்பரே? உக்காருங்க, சாப்பிட்டுப் போலாம்."

சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் சனிக்கிழமைகளில் போதகர் பிரசங்கத்தை அவளுக்கு வாசித்துக் காட்டுவார். சில சமயம் வாதாடி அவளை நம்பவைத்தார். பல சமயம் தானே மாறினார். பக்கத்து ஊர்க்காரர்கள் படகேறி வந்தார்கள். அங்கே காதில் விழுவதெல்லாம் ஒருத்தி மனதார நம்பியது என்று அவர்களுக்குத் தெரியும்.

அவர்களுடைய ஒரே மகன் வொங்கானி உசிப்பா மீன் பிடிக்கப் போய் ஏரியில் மூழ்கினான். அடுத்த ஞாயிறு பீடம் முழு ஊமையானது. உயிர்த்தெழுதல், பரலோகம், கிருபை, ஒன்றும் கேட்கவில்லை. வேறு போதகரை அனுப்ப மேலிடம் முன்வந்தது; சபையார் வேண்டாமென்றார்கள். அவளும் முன்வரிசையை விடவில்லை.

"நம்புறேன்னு பொய் சொல்லமாட்டேங்க," என்றாள் கணவனிடம். "ஆனா ஆண்டவர் எங்கிட்டப் பேசாட்டியும் அவர் வீட்லதான் உக்காந்திருப்பேன்."

மழைக்காலத்தில் ஒருநாள் போதகர், இறந்துபோன நண்பன் லாசருவின் கல்லறைக்கு இயேசு வரும் பகுதியை வாசித்தார். வெறும் வாயசைவுக்கு நடுவே, "இயேசு கண்ணீர் விட்டார்" என்பது மட்டும் கோயில் முழுக்கக் கேட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தோள்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே வாசிக்கும்படி தலையசைத்தாள். அவர் மேலே போகவில்லை. அதையே மறுபடி வாசித்தார். மறுவாரமும் அதையே. வருஷக்கணக்கில் சிஸோவேயில் அந்த மூன்று சொற்கள்தான் பிரசங்கம். கூட்டம் குறையவில்லை; பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ வந்து அவளருகே உட்கார்ந்தார்கள். அவள் ஆறுதல் சொல்லவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

மற்றச் சொற்கள் மெல்லத் திரும்பின. "உயிர்த்தெழுந்தார்" என்பது கேட்டபோது அவளுக்குத் தலை நரைத்திருந்தது. யாரும் ஆரவாரம் செய்யவில்லை. "அப்போ அது நெசந்தான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, மூப்பர் சௌலோஸ் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.