மூடுவதற்கும் டோக்கன்

எங்கள் ஆஸ்பத்திரியின் அச்சுப் பிரிவில் சேர்மனே வேலை கொடுத்தாலும் டோக்கன் எடுக்கத்தான் வேண்டும். நான் பொறுப்பேற்ற அன்று வைத்த சட்டம் அது. வெளியே நோயாளி டாக்டருக்காகக் காத்துக் கிடக்கிறார். இங்கே டாக்டர் கொஞ்சம் காத்திருந்தால் தேய்ந்துவிட மாட்டார். நோயாளியின் கட்டிலுக்குப் போகிற வேலை மட்டும் முந்தலாம். வேலை கொடுத்தவர் மாதிரித் தாளான புரூஃபில் கையெழுத்துப் போடாமல் மிஷின் ஓடாது.

ஐப்பசி மழையில் காய்ச்சல் வார்டு நிரம்பி வழிந்தது. மிஷின் ஓட்டும் ரிஃபாய் இடத்தை விட்டு நகரவில்லை. காரைக்கால்மேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த காசியம்மா, சார்ட்டுகளை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் புது நிர்வாக அதிகாரி ராஜ்மோகன் வந்து ஒரு தாளை நீட்டினார்.

"எல்லா மாடியிலயும் ஒட்டணும். பெரிய எழுத்துல போடுங்க."

வாசித்தேன். இந்த மாதத்தோடு அச்சுப் பிரிவு மூடப்படுகிறது; இனி எல்லாம் சென்னைக் கம்பெனிக்கு. எங்கள் கழுத்துக்குக் கயிறு, அதையும் நாங்களே திரித்துத் தர வேண்டுமாம்.

"டோக்கன் எடுங்க சார்," என்றேன்.

"விளையாடுறீங்களா, சித்திக்கா?"

"முன்னாடி காய்ச்சல் சார்ட் இருக்கு, பிரசவ வார்டு வேலை இருக்கு. அவசரம்னா உங்க சென்னைக் கம்பெனியிலயே கேளுங்களேன்."

வீம்புக்கு அங்கேயே ஸ்பீக்கரில் போன் போட்டார். அந்தப் பக்கத்துக் குரல் தேனாகப் பேசியது.

"கண்டிப்பா சார். அடுத்த வாரம் லோடு வர்றப்ப அனுப்பிடுறோம்."

"ஒரு பக்கம்தாங்க. அதுக்கு ஒரு வாரமா?"

"மழை சார். வண்டி வரணும்ல."

காசியம்மா தலை நிமிராமல் சொன்னார்: "அப்ப காய்ச்சலையும் அடுத்த வாரம் வரச் சொல்லிடுவோங்க."

அதற்குள் நர்ஸ் இனியா நனைந்துகொண்டே ஓடி வந்தாள். வார்டில் சார்ட் தீர்ந்துவிட்டது. ரிஃபாய் சுடச்சுட ஒரு கட்டைக் கொடுக்க, வந்த வேகத்தில் திரும்பினாள். ராஜ்மோகன் அவள் போன திசையையே பார்த்தார். பிறகு டோக்கனைக் கிழித்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அவர் முறை வந்தது. புரூஃபை நானே போட்டேன். ஓரம் நேராக, எழுத்து கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. கடைசி வேலையைக் கோணலாகக் கொடுத்தாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

"கையெழுத்துப் போடுங்க சார். பத்து நிமிஷத்துல தர்றேன்."

பேனாவை வாங்கினார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குப் பாக்குறேன்."

அந்த நாளை இன்னும் வரவில்லை. மாதம் முடிந்தது, மழையும் ஓய்ந்தது. நேற்று அவர் அறையிலிருந்து வேறொரு வேலை வந்தது, டோக்கனோடு.

கிளிப்பில் தொங்கும் பழைய புரூஃபைக் காட்டி ரிஃபாய் என்னிடம் கேட்டான், "தூக்கிப் போட்டுரவா லாத்தா?"

"கெடக்கட்டும். கையெழுத்து வந்தா அடிச்சுக் குடுப்போம். அதுவரைக்கும் மிஷின ஓட்டு."