டாஸ் தட்டில் சந்தனம்

1
இது கதையாகப் பிறக்கவில்லை. கம்ப்யூட்டரை ஓட்டும் இயங்குதளங்களில் எது எங்கே பயன்படுகிறது என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன்: ‘யூனிக்ஸ், ஒரே கம்ப்யூட்டரைப் பத்துப் பேர் பகிரும் கல்லூரிகளில்; சிபி/எம், பழைய எட்டு பிட் பெட்டிகளில்; டாஸ், புதிதாய் வந்த பெர்சனல்...’

கை நின்றுவிட்டது. டாஸ் என்றாலே எனக்கு ஷரீபுன்னிசா முகம்தான் வருகிறது.

2
(முதல் தொடக்கம்: ‘குற்றாலத்தில் சாரல் தூறிக்கொண்டிருந்தது...’ அடித்துவிட்டேன். பொய். சீசன் எப்போதோ முடிந்திருந்தது.)

1986, சரஸ்வதி பூஜை. தென்காசியில் தில்லைநாயகம் அண்ணாச்சியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே நான் வாத்தியார், ஷரீபு மாணவி. ஒரே கம்ப்யூட்டர், அதைக் கிளப்ப ஒரே டாஸ் பிளாப்பி, உறைக்குள் சுழலும் காந்தத் தட்டு. மெஷினுக்கெல்லாம் சந்தனம் வைத்தது நான். பிளாப்பிக்கும் வைத்தேன். உறையில் நீளமாய் ஒரு திறப்பு இருக்குமே, சரியாக அதற்குள். தட்டின் வெற்று உடம்பு அது, விரல் பட்டாலே கெடும் என்று எந்தப் பாவி எனக்குச் சொன்னான்? காய்ந்ததும் வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்தும் வைத்தேன்.

3
மறுநாள் திருநெல்வேலி மருந்துக் கம்பெனி மேனேஜர் வந்தார். ஷரீபு ஒரு கடிதம் அடித்துக் காட்டினால் அன்றைக்கே வேலை.

பிளாப்பியைப் போட்டாள். கர் கர் என்றது. திரையில் ஒன்றும் ஏறவில்லை. நான் வைத்த சந்தனம் ஞாபகம் வந்தது. சுரண்டைப் பஞ்சு ஆபீசிலிருந்து வந்த சிபி/எம் பிளாப்பி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் போட்டேன். அளவும் உறையும் அச்சு அசல் அதேதான். மெஷின் சட்டை செய்யவில்லை. (கட்டுரைக்கான ஒப்பீடு இவ்வளவுதான்: ஒன்றின் இடத்தில் இன்னொன்று நிற்காது.)

“கடைசியா இத யாரு தொட்டா?” என்றார் அண்ணாச்சி.

“நாந்தான் அண்ணாச்சி. நேத்துப் பூசைக்கு முன்ன போட்டுப் பழகினேன். நல்லாத்தான ஓடுச்சு,” என்றாள் ஷரீபு.

“அப்ப நீதாம்ட்டி கெடுத்திருக்க.”

மேனேஜர் பையை எடுத்தார். “மெஷினப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத பிள்ள எங்களுக்குச் சரிப்படாது.”

ஷரீபு என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க சொல்லுங்க. நான் ஒழுங்காத்தான எடுத்து வச்சேன்?”

4
மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன். ஒன்றில் மேனேஜர் மனமிரங்கி... (சே, அந்த ஆளா?) மூன்றாவதில் நான் அன்றைக்கு லீவு.

நடந்தது இதுதான்: “தெரியலியே” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்ததா என்று நானே திடுக்கிட்டுப் போனேன். அந்தத் திடுக்கம் இன்னும் என்னை விடவில்லை.

இந்தக் கதையில் மேனேஜர் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். படி இறங்கவில்லை. அவர் காதில் விழுகிற மாதிரி, வாசிக்கிற நீங்களாவது சொல்லிவிடுங்கள்.